சக்கரத்தின் ஸ்தானம்

வண்டிக்குச் சக்கரம் வாங்குவோர் முதலில் அதன் அழகையும், பின்னர் அதன் விலையையும் விசாரிப்பது வழக்கம். நட்டுத் துளைகள் பொருந்துமா என்றும் சிலர் கேட்பர். பூட்டிய பின் அச்சக்கரம் எந்த ஸ்தானத்தில் நிற்கும் என்று கேட்போரோ மிகச் சிலரே. ஆப்செட் என வழங்கும் அளவு இதனையே குறிப்பது. புது வண்டி வாங்குவோர்க்கு இக்கவலை இல்லை; பழைய வண்டியைப் பேணுவோர்க்கு இக்கேள்வி ஒருநாள் எதிர்ப்பட்டே தீரும். எங்கள் குடும்பத்தில் அது சென்ற வருஷம் எதிர்ப்பட்டது.

என் சிற்றப்பாவிடம் 1974ஆம் வருஷத்து அம்பாஸிடர் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழியிலே தோன்றி, 1957 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்டுவந்த வண்டி அது. எழுபது பிராயம் கடந்தும் அவர் தாமே அதனை ஓட்டுகிறார். பவர் ஸ்டியரிங் கிடையாது. முன்னொருகால் முறிந்த அவரது வலது மணிக்கட்டு செவ்வையாகக் கூடவில்லை. ஸ்டியரிங் வெட்டி இழுக்கத் தொடங்கினால் அவர் வண்டியை விட்டுவிட வேண்டியதுதான். வண்டியை விட்ட பின் அவர் வீட்டில் எப்படியிருப்பார் என்பதை நாங்கள் எண்ணிப்பார்க்கவும் விரும்பவில்லை.

இரும்புச் சக்கரங்கள் துருவேறிப் பற்றுவாயில் வெடிப்புக் கண்டன. புதியன வாங்கும் பொறுப்பைச் சிற்றப்பாவின் மைந்தன் மேற்கொண்டான். அவன் விரும்பியவை 6 அங்குல அகலமுள்ள அலாய்ச் சக்கரங்கள். "அண்ணே, கடைக்காரர் ஒன்றைப் பூட்டியே காட்டிவிட்டார், உள்ளே எங்கும் உராயவில்லை" என்றான். அவன் சொன்னது மெய்யே. ஆனால் உராயாமை ஒன்றே பொருத்தத்திற்குச் சான்றாகாது.

சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பகுக்கும் கோடு ஒன்றைக் கற்பித்துக்கொள்க. ஹப்பின்மேல் அமரும் தட்டையான முகம் அக்கோட்டிலேயே இருப்பின் ஆப்செட் பூஜ்யம். அம்முகம் கோட்டிற்கு வெளியே, தெருப்பக்கமாக இருப்பின் நேர் ஆப்செட். சக்கரம் வண்டிக்குள் ஒதுங்கி நிற்கும். உட்பக்கமாக இருப்பின் எதிர் ஆப்செட். சக்கரம் வெளியே பிதுங்கும். அலாய்ச் சக்கரங்களில் இது மில்லிமீட்டர்க் கணக்கில், இ.டி. என்னும் ஜெர்மானியச் சுருக்கெழுத்துக்களுடன் பொறிக்கப்பட்டிருக்கும். பொறிப்பில்லாத இரும்புச் சக்கரத்தை முகங்குப்புறக் கிடத்தி, உள்விளிம்பின் குறுக்கே நேரான கட்டையொன்றை வைத்து, அதிலிருந்து அமருமுகம் வரையுள்ள ஆழத்தை அளந்து, முழு அகலத்திற் பாதியை அதினின்று கழித்தால் எஞ்சுவதே ஆப்செட். இங்கே ஒரு நுட்பம் உண்டு: 4 அங்குல ரிம் என்பது டயர் அமருமிடத்தின் அகலம்; விளிம்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 5 அங்குலம் வரும். முழு அகலத்திற்குப் பதிலாக 4 என்று வைத்துக் கணக்கிடுவோர் அரை அங்குலம் பிசகுவர்.

கணக்கிற்கு எளிதாகப் பழைய சக்கரம் 4 அங்குலம், நேர் ஆப்செட் 25 மில்லிமீட்டர் என்றும், புதியது 6 அங்குலம், ஆப்செட் பூஜ்யம் என்றும் கொள்வோம். அகலம் 2 அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு 25.4 மில்லிமீட்டர் மிகுதல் வேண்டும். ஆயினும் சக்கரம் முழுதும் 25 மில்லிமீட்டர் வெளியே தள்ளப்பட்டமையால் உள்விளிம்பு இருந்தவிடத்திலேயே நிற்க, வெளிவிளிம்பு 50 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கடைக்காரர் உட்புறத்தை மட்டும் காட்டியதன் மர்மம் இதுவே.

முன்சக்கரம் ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றித் திரும்புவது. அவ்வச்சை நிலம் வரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் நிலத்தில் பதியும் நடுவிடத்திற்கும் இடையே சிறு தூரமுண்டு. அத்தூரமே நெம்புகோல். ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலும், ஒரு பக்கத்துப் பிரேக் டிரம் மட்டும் மழைநீரில் நனைந்தாலும், அந்நெம்புகோலின் நீளத்திற்கேற்பவே ஸ்டியரிங் கையை இழுக்கும். 25 மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் அந்நீளமும் அவ்வளவு கூடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றோடு மழையும் அடிக்கும் நாளில், முறிந்த மணிக்கட்டோடு அவ்வண்டியைப் பிடித்திருப்பவரை நினைத்துப் பாருங்கள்! ஹப்பின் உட்புறத்துப் பெரிய பேரிங் சுமக்க வேண்டிய பாரத்தில் ஒரு பங்கு வெளிப்புறத்துச் சிறிய பேரிங்கின்மேல் சாய்வதும் உண்டு.

தம்பி எளிதில் விட்டுக்கொடுப்பவனல்லன். 1948இல் வெளிவந்த மாரிஸ் மைனரை அதன் சிற்பியாகிய இஸிகோனிஸ், உற்பத்திக்குச் சற்று முன்னர், நெடுக இரண்டாக அறுத்து, கண்ணுக்கு இசையும் வரை விலக்கி, 4 அங்குலம் அகலமாக்கினார் என்ற வரலாற்றை எடுத்துக்காட்டினான். கண்ணளவே அளவாயிற்றன்றோ என்பது அவன் வாதம். நல்ல வாதமே, நான் அதனை மிகவும் ரசித்தேன். ஆனால் இஸிகோனிஸ் அகற்றியது முழு வண்டியை. திரும்பும் அச்சும் சக்கரமும் ஒருங்கே நகர்ந்தன. அவற்றின் இடைவெளி மாறவில்லை. அம்மைனரின் பானெட் நடுவே ஓடும் தட்டையான பட்டையே அந்த 4 அங்குலத்தின் அடையாளம்.

அப்படியானால் 6 அங்குலச் சக்கரத்தையே பழைய ஆப்செட்டில் வாங்கலாகாதா? வாங்கினால் நடுக்கோடு பிசகாது; ஆனால் உள்விளிம்பு 25.4 மில்லிமீட்டர் உள்ளே சென்று ஸ்டியரிங் கைகளை இடிக்கும். ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளினாலோ முதல் குற்றமே திரும்ப வரும். ஸ்டட்டில் நட்டுப் பற்றும் மரையும் குறையும். ஆகவே அகலத்தையே குறைத்தோம். 5 அங்குல இரும்புச் சக்கரத்தில், பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர் மிகுதியோடு, பழைய நடுக்கோடு அப்படியே அமைந்தது. மேஸ்திரியார் ஒன்றைப் பூட்டி, பின் ஆசனத்தில் மூவரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் கோடி வரை திருப்பி, மட்கார்டுக்குள் கைவிட்டுப் பார்த்த பின்னரே, "ஐயா, மற்ற மூன்றையும் வாங்கலாம்" என்றார்.

தம்பிக்கு மனக்குறை முற்றும் தீரவில்லை; சக்கரங்களுக்கு வெள்ளி வர்ணம் பூசி ஒருவாறு ஆறுதலடைந்தான். பழையவற்றுள் வெடிப்பில்லாத ஒன்றைச் சிற்றப்பா எறிய விடவில்லை. நடுக்கோடு ஒன்றேயாகையால், அது இன்றும் டிக்கியில் ஸ்டெப்னியாகக் கிடக்கிறது.