பலகை இல்லாத தடை

என் அக்காள் மகனுக்கு வயது பத்தொன்பது. அதிகம் பேசமாட்டான். 'மாமா' என்பான்; 'போதும்' என்பான். மருத்துவர்கள் அவன் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்கள். ஊராரும் பெயர்கள் சொன்னார்கள். அவற்றை ஏட்டில் எழுத என் பேனா கூசுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியிலே எங்கள் வாழ்வு. இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் நிறைந்த இடம். சங்கொலியும் லாரி இரைச்சலும் எங்களுக்குப் பழகிவிட்டன. அவனுக்குப் பழகவில்லை. வலிப்பதை வலி என்று சொல்பவனை நோயாளி என்கிறோம். மரத்துப்போனவர்களாகிய நம்மை நலமுடையோர் என்கிறோம்!

அடையாளச் சான்று பெற அவனை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றோம். வாயிலிலே சாய்தளம், சுவரிலே சக்கர நாற்காலிப் படம். மகிழ்ந்தேன். உள்ளே? தகரக் கூரையின் கீழே ஒலிபெருக்கி அலறிற்று. குழல்விளக்கு ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. எந்த வரிசை எதற்கென்று கூற ஒரு குறிப்பும் இல்லை. தோளை இடிக்கும் கூட்டம். கால்மணி நேரத்தில் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு மாடிப்படியின் கீழே ஒடுங்கிவிட்டான். "போதும்... போதும்" என்றான்.

"அடங்காத பிள்ளையை ஏனய்யா அழைத்து வந்தீர்?" என்றார் ஒருவர். அக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சான்று பெறாமலே திரும்பினோம்.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அவன் அடங்காதவனா? அந்தக் கட்டடத்திலே ஒலி குறைந்த, ஒளி தணிந்த ஒரே இடம் அந்தப் படியடிதான். கட்டியவர் மறந்த அறையை அவன் தானே கண்டுபிடித்துக்கொண்டான்! 'உள்ளே வராதே' என்று பலகை மாட்டினால் நாடு கொதிக்கும். பலகையின்றி, இரைச்சலால் விரட்டினால் எவரும் கேட்பதில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை எண்ணிற்று. ஆட்டிசம் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது; ஆட்டிசமும் இடம்பெற்றது. விதிகள் 2017இல் வந்தன. இருக்கின்ற பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் எல்லோரும் பயன்படுத்தத்தக்கனவாக மாற்றவேண்டும் என்றது சட்டம். கெடு 2022இல் கடந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பரிந்துரையாக நிற்கும் விதி போதாது, கட்டாயமான விதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் 2022இலேயே ஒளி, ஒலி, வழிகாட்டுதல், அமைதி அறை ஆகியவற்றை மூளையின் பன்மைக்கேற்ப அமைப்பது எப்படி என்று தர நிர்ணய நிறுவனம் வழிகாட்டி நூலே வெளியிட்டது. நம்மிடமோ, சாய்தளம் ஒன்றைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்ற நினைப்பு! சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இன்றியமையாதது. ஆனால் அது காதுக்குத் துணையாகாதே!

அப்படியானால் எவரைக் கேட்டுக் கட்டுவது? பொறியாளரை மட்டுமா? எங்கள் தெருவிலுள்ள சிறு பட்டறையிலே அக்காள் மகன் இப்போது திருகாணிகளை எண்ணிப் பொட்டலம் கட்டுகிறான். முதல் வாரம் முழுவதும் ஓடி ஓடி வந்துவிட்டான். பட்டறைக்காரர் நல்லவர். "நீயே இடம் பார், தம்பி" என்றார். அவன் மேசையை இயந்திரத்துக்கு எதிர்ப்புறம் இழுத்தான். சுவரைப் பார்க்கப் போட்டான். தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தான். வாயிலிலிருந்து மேசைவரை சுண்ணக்கட்டியால் கோடு வரைந்தான். வேறொன்றும் கேட்கவில்லை. இன்று வேலை நடக்கிறது. தலைவலியால் வாடும் அம்மையார் ஒருவரும் தம் மேசையை அவனருகே போட்டுக்கொண்டார். ஒருவனுக்காகச் செய்தது இருவருக்கு உதவிற்று.

அடுத்த மாதம் அதே அலுவலகத்துக்கு மீண்டும் செல்கிறோம். மனு எழுதும்முன், எதை மாற்ற வேண்டும் என்று அவனையே கேட்டேன். அங்கு எடுத்த படங்களைக் காட்டினேன். ஒலிபெருக்கியின்மேல் விரல் வைத்தான், விளக்கின்மேல் வைத்தான், கூட்டத்தின்மேல் வைத்தான். அழைக்கும் எண்ணைப் பலகையில் காட்டுக. பழுதான விளக்கை மாற்றுக. காத்திருக்க அமைதியான அறை ஒன்று ஒதுக்குக. வரும் நேரத்தை முன்னரே குறித்துத் தருக. இவ்வளவுதான் மனு. கோடிகள் வேண்டாம், கேட்கும் செவி வேண்டும்.

மனுவின் அடியிலே என் கையொப்பம் இல்லை. அவனுடைய கைரேகை இருக்கிறது. கோரிக்கை அவனுடையதல்லவா?