பூமிக்குப் பட்சபாதம் உண்டா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் எடை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தராசைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு இருக்கும். மின்விசிறிக் காற்று படக் கூடாது. மூச்சுக் காற்றும் ஆகாது. கொலுசுக்காரருக்கு எத்தனை கிராம் என்று தெரிந்தால் போதும். பௌதிக விஞ்ஞானிகள் அதோடு விடுவதில்லை. பூமி வெள்ளியையும் ஈயத்தையும் ஒரே மாதிரி இழுக்கிறதா, இல்லை, ஒன்றிடம் கொஞ்சம் அபிமானம் காட்டுகிறதா என்று கேட்கிறார்கள்.

நமக்குச் சிரிப்பு வரும். நாமக்கல் கோழிப் பண்ணையில் இறகு மிதந்து மிதந்து இறங்குகிறது. கல் தடாலென்று விழுகிறது. ஆனால் அது காற்று செய்கிற குறும்பு. காற்றே இல்லாத சந்திரனில் 1971-ல் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

அப்புறமும் ஏன் சந்தேகம்? சேலத்தில் இத்தனை டிகிரி, ஏற்காட்டில் இத்தனை டிகிரி என்கிறோம். இடத்துக்கு ஓர் எண்; திசை கிடையாது. இப்படி எண் மட்டுமாக எங்கும் பரவியிருப்பதை ஸ்கேலார் புலம் என்பார்கள். ஈர்ப்பு சக்தியே அத்தகையதுதான் என்று பின்லாந்துக்காரரான நார்ட்ஸ்ட்ராம் 1913-ல் ஒரு கொள்கை வகுத்தார். அதன்படி சூரியன் அருகே ஒளி வளையக் கூடாது. 1919-ஆம் வருஷத்துக் கிரகணத்தில் வளைந்தது. ஐன்ஸ்டைன் ஜெயித்தார். ஆனால் 1961-ல் கார்ல் பிரான்ஸ், ராபர்ட் டிக்கி என்ற இருவர், ஐன்ஸ்டைனை வைத்துக்கொண்டே துணைக்கு ஒரு ஸ்கேலார் புலத்தையும் சேர்த்தார்கள். இம்மாதிரிப் புலம் ஏதாவது இருந்து, அது பொருளுக்குப் பொருள் பேதம் பாராட்டினால், வெள்ளியும் ஈயமும் சேர்ந்து விழமாட்டா.

1986-ல் பரபரப்பு உண்டாயிற்று. ஹங்கேரிய விஞ்ஞானி யோட்வோஷின் பழைய அளவைகளை அமெரிக்கர் சிலர் மறுபடி ஆராய்ந்து, பேதம் பாராட்டும் 'ஐந்தாவது சக்தி' ஒன்றின் சாயல் தெரிகிறது என்றார்கள்.

நம் பக்கத்திலேயே அதைச் சோதித்தார்கள். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், டாடா ஆராய்ச்சி நிலையத்து ராமநாத் கௌசிக்கும் அவர் சகாக்களும் நிலத்துக்கு அடியில் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். பகல் வெயிலும் லாரியின் அதிர்வும் எட்டக் கூடாது அல்லவா? மெல்லிய கம்பியில் இரு வேறு பொருள்கள் தொங்கும். அருகே உள்ள கனத்த பிண்டம் ஒன்றை மட்டும் மயிரிழை கூடுதலாக இழுத்தாலும் கம்பி முறுக்கிக்கொள்ளும். 1988-லும் 1990-லும் முடிவை வெளியிட்டார்கள்: அந்தச் சக்தியைக் காணோம்.

கதை எழுதுகிறவன் நான். முடிவில் ஏதாவது நடந்தாக வேண்டும் எனக்கு. இல்லாவிட்டால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். கம்பி அசைந்தது என்றால் உலகப் புகழ். அசையவில்லை என்றால் அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான். அப்படியிருந்தும் வருஷக்கணக்கில் கம்பியைக் காவல் காத்துவிட்டு, "அசையவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களே, அதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

தேடியது வீண் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்கேலார் புலம் வெறும் கற்பனை அல்ல என்று 2012-ல் ஹிக்ஸ் துகள் காட்டிவிட்டது. ஈர்ப்பில்தான் அதன் கை இன்னும் தென்படவில்லை. 2016-ல் பிரான்ஸ் தேசம் ஏவிய மைக்ரோஸ்கோப் செயற்கைக் கோள் டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் ஒப்பிட்டது. 2022-ல் வந்த இறுதிக் கணக்குப்படி, ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு அளவுக்குக்கூட வித்தியாசம் இல்லை.

இதுவரைக்கும் பூமி ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கவில்லை. இன்னும் நுட்பமாகப் பார்க்கவேண்டும் என்று கம்பியைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.