மூச்சோடு ஒரு பேச்சு

மூச்சு நம்மோடு பிறந்து நம்மோடு முடிகின்ற துணை. அது ஒழுங்காக வந்து போகும் வரையில் அதனை நாம் நினைப்பதே இல்லை. நினைத்தே ஆகவேண்டிய நாள் ஒன்று வருகிறது. நமக்கு அந்த நாள், பணி ஓய்வு பெற்ற ஆண்டின் மார்கழிக் குளிரில், ஊர்ப் பள்ளி மைதானத்தில் வந்தது.

தருமபுரி மாவட்டத்தில் விடியற்காலையில் வெளியே வருவோர் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க இயலாது. பாலக்கோடாயினும் பென்னாகரமாயினும் அரூராயினும், வெற்றிடம் கிடைத்த இடமெல்லாம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். காவலர் தேர்வுக்கும் படைச் சேர்ப்புக்கும் தங்களை ஆயத்தப்படுத்துபவர்கள் அவர்கள். மழையை நம்பிய மேட்டு நிலமும், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறும் தகப்பன்மாருமாக உள்ள இம்மண்ணில், ஒரு சீருடை என்பது ஒரு குடும்பத்தின் விடுதலை.

சர்க்கரை நோய் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தபடியால், அப்பிள்ளைகளோடு நாமும் ஓடிப் பார்க்கலாம் என்று இறங்கினோம். சுண்ணாம்புக் கோடிட்ட 400 மீட்டர் வட்டத்தில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நெஞ்சு வெடிப்பது போலிருந்தது. விலாவில் ஈட்டி பாய்ந்தது போல் ஒரு குத்தல். குனிந்து நின்றோம். நாள்தோறும் அங்கு வரும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் அருகே வந்து, “வாத்தியாரே, உங்களை யார் துரத்துகிறார்கள்?” என்று கேட்டார்.

மறுநாள் அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். “என்னோடு பேசிக்கொண்டே வாருங்கள். பேச்சு அறுந்தால் நடந்துவிடுவோம்.” ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. சில நாட்கள் நடைக்கும் ஓட்டத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. சிறுவர்கள் சிரித்தார்கள். எனினும் பத்தாம் வாரத்தில், நில்லாமல் ஐந்து சுற்று வந்தோம். அதுவும் பேரனின் குறும்புகளை அவருக்குச் சொல்லிக்கொண்டே.

இதன் காரணத்தைப் பின்னர் படித்து அறிந்தோம். ஓடத் தொடங்கியவுடன் தசைகள் கேட்கும் அளவு ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே கொடுத்துவிடுவதில்லை. அவை ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடங்களாகும். அதற்குள் நாம் பாய்ந்துவிட்டால், தசைகள் ஆக்சிஜனின்றியே ஆற்றலை உண்டாக்குகின்றன. இரத்தத்தில் அமிலத்தன்மையும் கரியமில வாயுவும் மிகுகின்றன. அவற்றை வெளியேற்றவே மூளை மூச்சை விரட்டுகிறது. மூச்சிரைப்பு காற்றுப் பஞ்சம் அன்று. பெரும்பாலும் கழிவு தேங்கியதன் முறையீடு.

பதற்றத்தில் நாம் செய்யும் தவறு மற்றொன்று. குட்டை குட்டையாக மூச்சு விடுகிறோம். ஓய்வாக இருக்கையில் ஒரு மூச்சில் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்செல்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு நுரையீரலின் நுண்ணறைகளை எட்டாமல் குழாய்களிலேயே நின்று திரும்பிவிடும். மூச்சு குட்டையாகக் குட்டையாக, வீணாகும் பங்கு பெரிதாகும். ஆகவே முழுமையாக வெளியே விடவேண்டும். விட்டால் உள்ளே வருவது தானே வரும். மூக்கால் மட்டுமே என்று பிடிவாதம் வேண்டாம். ஓட்டத்தில் வாயும் சேர்ந்து உதவட்டும். எல்லாவற்றுக்கும் மேலான மருந்து வேகத்தைக் குறைப்பதுதான். தொப்பூர் கணவாயில் மேலேறும் பாரவண்டி, கியரைக் குறைத்துக்கொண்டே ஏறுகிறது. அதனை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்குச் சென்றார். உலகத் தரமான வீரர்களை உருவாக்கியவர் அவர். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்னும் பயிற்சியாளர், ஊர் மக்களோடு மெல்லோட்டம் ஓட அவரை அழைத்தார். ஐம்பதைக் கடந்திருந்த பவர்மன் சிறிது தொலைவிலேயே மூச்சு வாங்கிப் பின்தங்கினார். எழுபதைக் கடந்தவரும் முன்பே மாரடைப்புக்கு ஆளானவருமான ஒரு முதியவர், தம் வேகத்தைக் குறைத்து அவரோடு பேசிக்கொண்டே வந்தாராம். பவர்மனால் பதில் பேசக்கூட இயலவில்லை. ஊர் திரும்பியபின் அவர், இதயநோய் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து மெல்லோட்டம் பற்றி 1967இல் வெளியிட்ட நூல், சாமானிய மக்களை ஓடவைத்தது. பேச முடிந்த அளவே வேகம் என்பது இன்றும் புதிதாய் ஓடுவோர்க்குச் சொல்லப்படும் அளவுகோல்.

இக்கணக்கு தேர்வுக்கு ஓடுவோர்க்கும் பொருந்தும். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்கவேண்டும். அதாவது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. நம் பிள்ளைகளோ முதற் சுற்றை 80 விநாடியில் பறந்து முடித்து, மூன்றாம் சுற்றில் நடக்கிறார்கள். தோற்பது கால்கள் அல்ல. முதற் சுற்றின் ஆசை.

இவ்வளவும் அறிந்தபின் நம்மை நாமே ஆசானாக நியமித்துக்கொண்டோம். நாம் தவறியதும் அப்போதுதான்.

அண்டைச் சிற்றூரிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் ஓடவேண்டும். அவள் முந்நூறாவது மீட்டரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். “மனம் வைத்தால் முடியும் அம்மா, மூச்சு தானாகப் பழகிவிடும்” என்று சொல்லிவந்தோம். ஒரு நாள் மற்றப் பிள்ளைகள் கேட்க, “இதற்கே இப்படியானால் சீருடை எப்படி?” என்று சொல்லிவிட்டோம். அவள் தலைகுனிந்து சென்றாள். மூன்று நாள் வரவில்லை.

படைவீரர் நம்மிடம் கேட்டார்: “வாத்தியாரே, அந்தப் பிள்ளையோடு ஒரு சுற்றாவது நீங்கள் பேசிக்கொண்டே போனதுண்டா?”

இல்லை. கோட்டருகே கடிகாரத்தோடு நின்றதுதான் உண்டு.

நான்காம் நாள் அவள் வந்தபோது மன்னிப்புக் கேட்டு, அவளோடு நடந்தோம். வெறும் நடைதான். அதிலேயே அவள் பேச்சு சொல்லுக்குச் சொல் அறுந்தது. தண்ணீர்க் குடம் தூக்கினால் படபடப்பு, எழுந்தால் கண் இருளுதல் என்று ஒவ்வொன்றாய் வெளிவந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்தார்கள். 12 கிராமுக்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் 8.2 கிராமே இருந்தது. ஆக்சிஜனைச் சுமப்பதற்கே ஆளில்லாத இரத்தம்! அவளிடம் மனவுறுதியைக் கேட்டுக்கொண்டிருந்தோம் நாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உண்டு என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அந்த மைதானத்தில் அவள் ஒருத்தி மட்டும் இருந்திருக்க முடியாது.

இரும்புச்சத்து மாத்திரையும், உணவோடு தேநீரைத் தவிர்க்கும் பழக்கமுமாக மாதங்கள் கடந்தன. அந்த ஆண்டுத் தேர்வு அவளுக்குக் கைநழுவிப் போயிற்று. முன்பே கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அந்த இழப்பில் நமக்கும் பங்குண்டு.

புதிதாய் ஓட வருவோரே, இரைப்பு வேகம் குறைத்தால் அடங்குமாயின் அஞ்சவேண்டாம். நெஞ்சு வலி, தலைசுற்றல், ஓடி நின்றபின் விசிலடிப்பது போன்ற இழுப்பு, நடையிலேயே மூச்சு முட்டுதல் ஆகியவற்றை மட்டும் மனவுறுதியால் வெல்ல முயலாதீர்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். ஓடவைப்போர்க்கும் ஒரு சொல்: கடிகாரத்தைப் பார்க்குமுன் உடன்வருவோரின் பேச்சைக் கேளுங்கள்.

சென்ற பங்குனியில் அவள் ஒரு சுற்றை 2 நிமிடம் 20 விநாடியில் முடித்தாள். கடிகாரம் படைவீரர் கையில் இருந்தது. நாம் அவளுக்குப் பின்னால் நம் வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். அவள் திரும்பி வந்து, நமக்காகத் தன் வேகத்தைக் குறைத்து, “என்ன ஐயா, பேச முடிகிறதா?” என்று கேட்டாள்.

முடிந்தது.