மூன்றா, நாலா?

டெட்ராய்ட் பக்கம் இருக்கும் அக்கா பையன், 1970 ஷெவல் கார் எஞ்சினை 500 குதிரைசக்திக்கு ஏற்றிவிட்டான். பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்கவில்லை.

'டர்போ 400 போடட்டுமா மாமா?' என்று போனில் கேட்டான்.

1964-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த மூன்று கியர் சமாசாரம். யானை பலம். 1976-ல் ஃபெராரியே தன் முதல் ஆட்டோமேட்டிக் காருக்கு இதைத்தான் வாங்கிப் போட்டது! ஆனால் ஓவர்டிரைவ் கிடையாது. அவனுடைய 26 அங்குல டயருக்கும் 3.73 பின்அச்சு விகிதத்துக்கும், ஹைவேயில் 65 மைல் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,100 சுற்று கதறும். 1991-ல் வந்த இதன் வாரிசு 4எல்80இ-யில் நாலாவது கியர் உண்டு. 2,350-லேயே சாதுவாகப் போகும். கன்ட்ரோலர் தனிச் செலவு.

'ரேஸுக்கு எத்தனை நாள் போவே?'

'மாசம் ஒருநாள்.'

'பாக்கி நாள் பின் சீட்ல குழந்தை தூங்க வேணாமாடா?'

நாலுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டான். டிரைவ்ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டுமாம்.