வெட்டிக் காண்பதே மட்டம்

ஏப்ரல் 5, சனி. ராலே, வட கரோலைனா

பின்புறத்தில் நீச்சல் குளம் வைப்பது என்று முடிவாகிவிட்டது. தோண்டிக் கட்டும் குளம் இல்லை. இரும்புத் தகட்டுச் சுவரும் உள்ளே வினைல் லைனருமாகத் தரைமேல் நிற்கும் வட்டக் குளம். குறுக்கே 18 அடி, தண்ணீர் 4 அடி. கணக்குப் போட்டால் சுமார் 7,600 கேலன், ஏறக்குறைய 29 டன். அதாவது ஒவ்வொரு சதுர அடி மண்ணும் 113 கிலோவைத் தாங்கியாக வேண்டும். சுவரைப் பூட்டுவது பெரிய காரியம் இல்லை. தரையைத் தயார் செய்வதில்தான் குளத்தின் ஆயுள் இருக்கிறது. அதை நானும் மாமாவும் கையாலேயே செய்யப்போகிறோம். மனைவியின் அப்பா; திருப்பூரில் மேஸ்திரியாக இருந்தவர். ஆறு மாத விசாவில் வந்தவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இடம் பார்த்தோம். ஓக் மரத்தடி நிழலானது. ஆனால் வேரை வெட்டினால் மரத்துக்குக் கேடு, விட்டுவைத்தால் குளத்துக்குக் கேடு. மேலே மின்கம்பி போகும் பக்கமும் ஆகாது. எல்லைக்கோட்டிலிருந்து விதிப்படி இடைவெளி விட வேண்டும். மிஞ்சியது தென்கிழக்கு மூலை. நல்ல வெயில், ஆனால் சரிவு.

நகராட்சி அனுமதிக்கு மனு போட்டாயிற்று. 811-க்கும் சொல்லியாயிற்று. மண்ணுக்கடியில் போகும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்லி, மண்வெட்டியைத் தொடும் முன் இந்தத் தொலைபேசி எண்ணுக்குச் சொல்வது நாடு முழுவதும் உள்ள ஏற்பாடு, காசு கிடையாது. சொன்னபின் இங்கே மூன்று முழு வேலைநாள் பொறுக்க வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

புல்வெளியெங்கும் வண்ணக் கோடுகள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைபேசியும் இணையமும், நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். எங்கள் வட்டத்துக்கு வெளியே நாலடி தள்ளி மஞ்சள் கோடு போகிறது. கோட்டை ஒட்டி, இரு பக்கமும் இரண்டடிக்கு இயந்திரம் கூடாது, கையால் பார்த்துத் தோண்ட வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மீட்டருக்கு இப்பால் வீட்டுக்காரர்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட குழாய்களையும் கம்பிகளையும் 811 ஆட்கள் குறிப்பதில்லை. இந்த வீட்டின் பழைய உரிமையாளர் புல்லுக்குத் தெளிப்பான் போட்டிருக்கிறார். அந்தக் குழாய் போகும் வழியைக் குத்திப் பார்த்து, நாங்களே முளை அடித்து வைத்தோம்.

ஏப்ரல் 12, சனி

நடுவில் ஒரு முளை. அதில் கயிறு கட்டி, 10 அடி ஆரத்தில் வட்டம் போட்டோம். குளத்தின் ஆரம் 9 அடிதான். சுவரைச் சுற்றி நின்று வேலை செய்ய ஓரடி கூடுதல்.

மட்டம் பார்க்க லேசர் கருவி வாடகைக்குக் கிடைக்கும். மாமா கேட்டது தெளிவான பிளாஸ்டிக் குழாய். டியூப் லெவல் என்றால் நம் ஊர்க் கொத்தனார்கள் எல்லோரும் அறிவார்கள். குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் பிடித்தால், இடையில் மேடு பள்ளம் எப்படி இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவே ஒரு காற்றுக்குமிழி மாட்டியிருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். மாமா குழாயை வெயிலுக்கு நேரே தூக்கி, விரலால் தட்டித் தட்டி, சின்ன குமிழிகளை ஒவ்வொன்றாக முனைக்கு ஏற்றி வெளியேற்றினார். அதன் பிறகுதான் அளக்கவே விட்டார்.

மேட்டு ஓரத்துக்கும் பள்ள ஓரத்துக்கும் 9 அங்குல வித்தியாசம். பள்ளத்தில் மண் கொட்டி நிரவினால் வேலை பாதியாகும் என்று எனக்குத் தோன்றியது. மாமா ஒரே வார்த்தையில் மறுத்தார்: "நெரவுன மண்ண நம்பி எதையும் நிறுத்தாதீங்க, மாப்பிள்ளை. மேட்ட வெட்டுங்க. வெட்டுன தரை எறங்காது."

கொட்டிய மண்ணில் காற்று இருக்கிறது. 29 டன் ஏறும்போது அது அமுங்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமுங்காது. குளம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தாலும் தண்ணீர் தன் மட்டத்தை விடாது. தாழ்ந்த பக்கம் ஆழம் கூடி, சுவர்மேல் அழுத்தம் ஏறும். அப்படித்தான் தகடு பிதுங்கி ஒருநாள் மொத்தமும் திறந்துகொள்கிறது. குறுக்கே ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது பொதுவான வரம்பு. நாங்கள் கால் அங்குலத்துக்குள் நிற்கப் பார்க்கிறோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதலில் புல் போக வேண்டும். மேலே மணல் போட்டு மூடினால் புல் மட்கி, அடியில் பொந்து விழும். வேரோடு சீவி எடுத்தோம். ஓரமாக ஒரு திட்டில் கோரை. மேல் புல் வந்துவிட்டது, கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிட்டது. கோரை முளை ஊசியாக வரும்; வினைல் லைனரையே துளைத்துவிடும். அந்தத் திட்டை மட்டும் ஓரடி ஆழத்துக்கு வெட்டி, மண்ணைக் கையால் உதிர்த்து, கறுத்த சின்னக் கிழங்குகளைப் பொறுக்கினோம். நூல்போன்ற வேர் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஓடுகிறது. அதை அறுக்காமல் இழுத்துப் போனால்தான் கடைசிக் கிழங்கு வரை கிடைக்கும். அந்தக் குழியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டு, ஒவ்வொரு தடவையும் கெட்டித்தோம்.

பிறகு மேட்டை வெட்டினோம். இந்தப் பகுதி மண் சிவப்புக் களிமண். இரும்பு ஆக்சைடு தந்த நிறம். ஈரத்தில் மண்வெட்டியைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் ஓடு. வெட்ட வேண்டியது ஐந்து டன்னுக்கு மேல். அதை ஓக் மரத்தடியில் குவிக்கக் கூடாது, வேருக்கு மூச்சு முட்டும். பக்கத்து வீட்டுப் பக்கம் மழைநீர் போகும் வழியை அடைக்கவும் கூடாது. முன்பக்கப் பூப்பாத்திகளுக்குக் கொண்டுபோய்ப் பரப்புகிறோம்.

ஏப்ரல் 19, சனி

வாரத்தில் மழை. மேட்டுப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர் வெட்டிய தரையில் நேராக இறங்கி, விரல் அகலத்தில் அரித்திருக்கிறது. மணல் போட்ட பிறகு இது நடந்தால் மணல் மொத்தமும் போய்விடும். வெட்டுமுகத்தைச் சரித்துவிட்டு, அதற்கு மேலே பிறை வடிவில் ஆழமில்லாத வாய்க்கால் எடுத்தோம். இனி தண்ணீர் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.

ஏப்ரல் 26, சனி

சுவர்த்தூண் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கான்கிரீட் பலகைக்கல். மண்மேல் வைப்பதில்லை; கல்லின் முகம் தரையோடு தரையாக இருக்கும்படி பதிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் ரசமட்டம். பிறகு கல்லுக்குக் கல் டியூப் லெவல். ஒரு கல்லைச் சரிசெய்தால் பக்கத்துக் கல்லையும் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். மாமா அலுத்துக்கொள்ளவே இல்லை.

தரை முழுக்கத் திமிசு போட்டோம். கல், குச்சி எல்லாம் பொறுக்கியாயிற்று. வட்டத்துக்குள் சலித்த மணல் 2 அங்குலம். தண்ணீர் தெளித்து, மட்டப்பலகையை நடு முளையிலிருந்து சுற்றி இழுத்து, மறுபடி திமிசு. குதிகாலை ஊன்றினால் தடம் ஆழமாக விழவில்லை.

மே 3, சனி

மின் வேலையில் நாங்கள் கை வைக்கவில்லை. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வந்து, சுவருக்கு வெளியே 18 முதல் 24 அங்குலத்துக்குள் வெற்றுச் செம்புக்கம்பியைச் சுற்றிப் புதைத்தார். குளத்தின் உலோகப் பாகங்கள், பம்பு, சுற்றியுள்ள தரை எல்லாவற்றையும் ஒரே மின்னழுத்தத்தில் வைப்பது அந்தக் கம்பி. ஈரக்காலோடு நிற்கும் பிள்ளைக்கு அதுதான் காவல். ஆய்வாளர் பார்க்கும் வரை அந்தப் பள்ளத்தை மூடக் கூடாது.

மிச்சம் இருப்பது வேலிக்கால் குழிகள். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. எங்கள் சின்னவளுக்கு மூன்று வயது; அடுத்த வீட்டிலும் அதே வயதில் ஒரு பையன். குளத்தின் சுவரே 4 அடிக்கு மேல் உயரம், ஏணியைத் தூக்கிவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஏணியைத் தூக்க ஒருநாள் மறந்தால்? 4 அடி வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் வைக்கிறோம். எங்கள் கணக்கில் அதுவும் தரை வேலைதான். குழி தோண்டி, கால் நட்டு, கான்கிரீட் இறுகி, கதவு தானாகப் பூட்டிக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் குழாயைத் திறப்போம்.