சாவி யாரிடம் இருக்கிறது?

சென்னையில் காலை பத்தரை என்றால் லிஸ்பனில் ஆறு மணி. குளிர்காலத்தில் ஐந்து. எங்கள் டீம் மீட்டிங் அந்த நேரத்தில்தான். அல்ஃபாமா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு கேமராவை ஆன் செய்வேன். "வாழ்றடா நீ" என்று யாராவது தினமும் சொல்லிவிடுவார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

1755 நவம்பர் 1 அன்று வந்த நிலநடுக்கம் லிஸ்பனின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. அல்ஃபாமா ஓரளவு தப்பித்தது. அதனால்தான் இங்கே தெருக்கள் இன்னும் வளைந்து வளைந்து, படிக்கட்டுகளாக ஏறிக்கொண்டிருக்கின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயும்.

வெளிநாட்டுச் சம்பளத்தில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 2022 அக்டோபர் இறுதியில் போர்ச்சுகல் ஒரு விசாவைக் கொண்டுவந்தது. நான் வந்தது அதில். இந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2024-இல் குறைந்தபட்சம் 820 யூரோ. நான் காட்ட வேண்டியிருந்தது 3,280. அப்போது அது எனக்கு விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், அவ்வளவுதான்.

வந்த இரண்டாவது வாரம், மீட்டிங்குக்கு இருபது நிமிடம் முன்பு குப்பை போடக் கீழே இறங்கினேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, லேப்டாப் உள்ளே. கீழ்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து என்ன என்பதுபோலப் பார்த்தார். எனக்குப் போர்ச்சுகீசும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. "சாவி... சாவி உள்ள மாட்டிக்கிச்சு" என்று தமிழிலேயே உளறினேன்.

"ஷாவ்?" என்றார் பாட்டி. உள்ளே போய் ஆணியில் தொங்கிய ஒரு சாவியை எடுத்துவந்து கொடுத்தார். என் வீட்டுக் கதவு திறந்துகொண்டது. அவரிடம் ஏன் என் வீட்டுச் சாவி இருந்தது என்று அன்று யோசிக்கக்கூட இல்லை. மீட்டிங்குக்கு ஓடினேன்.

அந்தச் சாவியை அவரிடமே விட்டுவைத்தேன். வேலை முடிந்த பிற்பகல்களில் அவர் சமையலறையில் காபி கிடைக்கும். ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பேர் சொல்வது எங்கள் விளையாட்டு. அவர் ஜனேலா என்பார், நான் ஜன்னல் என்பேன். மேசா, மேசை. அர்மாரியு, அலமாரி. தமிழ் மொழியில் அச்சான முதல் புத்தகம் 1554-இல் இதே ஊரில், ரோமன் எழுத்தில்தான் வந்தது என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். "அப்போ எங்க வார்த்தைய எல்லாம் தூக்கிட்டுப் போனது நீங்கதானா?" என்று சிரித்தார்.

அப்படி ஒரு நாள்தான் அந்தச் சாவியின் கதையும் வந்தது. என் வீட்டில் முன்பு இருந்தவர் பாட்டியின் தோழி. தையல் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்தவர். இவர் சாவி அவரிடம், அவர் சாவி இவரிடம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதும் தோழி நதிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். பாட்டி அதைக் கோபமில்லாமல், மழை வந்து போனதைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் கொடுக்கும் வாடகை 1,150 யூரோ. இங்கே ஒருத்தர் மாதம் முழுக்க உழைத்து வாங்கும் குறைந்தபட்சச் சம்பளத்தைவிட அதிகம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

பழைய குறைந்த வாடகைகளுக்கு இருந்த பாதுகாப்பை 2012-இல் வந்த சட்டத் திருத்தம் தளர்த்தியிருந்தது. வயதானவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் வீட்டுக்காரர் ஒரு தொகையைக் கொடுத்து, நீங்களாகப் போவதாக எழுதிக் கொடுங்கள் என்றால் விலக்கு எதற்கு உதவும்? அக்டோபரில் பாட்டி கையெழுத்துப் போட்டார். பரெய்ரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார். படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் போய்விடலாம், வா என்றார்.

அவர் காலி செய்த நாள் எங்களுக்கு ரிலீஸ். பெட்டிகளை இறக்கும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. மைக்கை மியூட்டில் போட்டேன். மணி அடித்ததும் ஹெட்செட்டோடு கீழே ஓடினேன். பாட்டி என் கையில் சாவியை வைத்து, விரல்களை மூடிவிட்டு, நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. காதுக்குள் யாரோ என் பேரைக் கூப்பிட்டார்கள். "ஒப்ரிகாது" என்று நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

இப்போது கீழ்வீட்டு வாசலில், சுற்றுலாப் பயணிகளுக்கான வாடகை வீடு என்பதற்கு அடையாளமாக 'ஏ எல்' என்று ஒரு பலகை. பக்கத்தில் எண் அழுத்தித் திறக்கும் சின்னச் சாவிப் பெட்டி. வாரத்துக்கு இரண்டு தடவை புதுப்புதுச் சூட்கேஸ்கள் படிகளில் தடதடவென்று ஏறுகின்றன. பரெய்ரோவுக்கு நான் இன்னும் போகவில்லை.

போன மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மெயில் வந்தது. வாடகை கொஞ்சம் கூடுதல். இரண்டு நாள் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். அன்று மாலையே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஊரில் பூட்டிவிட்டுக் கிளம்பினால் எதிர்வீட்டில் சாவி கொடுக்காமல் அம்மா தெருவைத் தாண்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டார்: "இன்னொரு சாவி அந்தப் பாட்டிகிட்டதான இருக்கு?"

"ஆமாம்மா" என்றேன்.

அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பூட்டிய வீட்டுக்குள்ளே.