அப்பா போட்ட கோடு

 

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு வெளியே வந்தப்போ, காடி நிறுத்துற இடத்தில் எங்கள் பச்சை மோரிஸ் மைனரைச் சுற்றி நல்ல கூட்டம். "தம்பி, இந்தக் கோடு ஸ்டிக்கர்தானே? எங்க வாங்குனீங்க?" என்று ஏழெட்டுப் பேராவது கேட்டிருப்பீங்க. அன்னதானப் பாத்திரம் கழுவுற அவசரத்தில் நாங்கள் சிரிச்சிட்டுப் போயிட்டோம். ஸ்டிக்கர் இல்லை. வீட்டில் கையால் போட்டது. அதற்குப் பின்னால் நாங்கள் செய்த தவறு ஒன்று இருக்கு. அதையும் சேர்த்தே சொல்லிடறோம்.

அப்பா சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1974ல் இந்தக் காடியை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மோரிஸ் மைனர் 1948ல் இங்கிலாந்தில் வெளிவந்த மாடல். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பிறகு மினி காரையும் உருவாக்கியவர். எங்களுடையது 1098 சிசி, நாலு கதவு. நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இதில்தான். அப்பா போன பிறகு பின்கட்டுக் கொட்டகையில் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டை போட்டது. தரைத் தகடு துருப்பிடிச்சு, உள்ளே உட்கார்ந்தால் புல் தெரியும்.

2020ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டில் அடைஞ்சு கிடந்தப்போ கையை வச்சோம். விட்டு விட்டுச் செய்ததில் மூன்று வருசம் ஆனது. துரு வெட்டினோம், தகடு ஒட்டினோம், பழைய சாயத்தை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சோம். ஸ்ப்ரே அடிக்க மட்டும் பட்டறைக்கு அனுப்பினோம். பளபளவென்று பச்சை நிறத்தில் திரும்பி வந்த அன்றைக்கு அம்மா ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தாங்க. காடியை ஒரு சுற்றுச் சுற்றி, கதவைத் தொட்டுப் பார்த்து, "கோடு எங்கடா?" என்று கேட்டாங்க.

"என்ன கோடும்மா?"

"அப்பா போட்ட கோடு."

ஜன்னலுக்குக் கீழே பானெட்டிலிருந்து பின்பக்கம் வரைக்கும் மஞ்சளடித்துப் போன மெல்லிய கோடு ஒன்று இருந்தது எங்களுக்கும் ஞாபகம் இருக்கு. கம்பெனியிலிருந்தே வந்ததாக்கும் என்று நினைச்சிருந்தோம். சாண்ட்பேப்பரில் தேய்ச்சப்போ அரை மணி நேரத்தில் போயிடுச்சு. அன்றைக்குத்தான் அம்மா சொன்னாங்க: 1975ல், தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோவுக்குப் போறதுக்கு முதல் வாரம், அப்பா தன் கூட்டாளியிடம் பிரஷ் இரவல் வாங்கி, கிராணி வீட்டு வாசலில் அவரே போட்ட கோடாம். அம்மா பக்கத்தில் விளக்கு பிடிச்சிக்கிட்டு நின்னாங்களாம்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தா தேவலை.

மறுநாளே ஒரு கடையில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஸ்டிக்கர் கோடு வாங்கி ஒட்டினோம். நேராகத்தான் இருந்தது. அம்மா "நல்லாத்தான்டா இருக்கு" என்று சொல்லிட்டு, கிட்டேயே வரலை. ஒரு வாரத்தில் உரிச்சிட்டோம்.

பிரஷ் இரவல் கொடுத்த அந்தக் கூட்டாளி இன்னும் இருக்கார். இந்தப் பக்கத்தில் போர்டு எழுதிய அங்கிள் என்றால் பெரியவங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டி ஒட்டுற காலம் வர்றதுக்கு முன்னாடி, லோரிக் கதவில் கம்பெனி பேரும் எடைக் கணக்கும் எழுதியது அவர் மாதிரி ஆட்கள்தான். இப்போ எண்பதை நெருங்குது, கண் ஆபரேசன் ஆகியிருக்கு. "நான் போட்டா வளைஞ்சுடும். நீங்க போடுங்க, நான் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார்.

டின்னில் சுருட்டி வச்சிருந்த பிரஷை எடுத்துக் கொடுத்தார். கைப்பிடி கட்டைவிரல் நீளம்தான். முடி இரண்டு அங்குலத்துக்கு மேலே, வாள் மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும். முடி நீளமாக இருப்பதால்தான் சாயத்தை நிறையப் பிடிச்சு வச்சிக்கும், பின்னாலேயே இழுபட்டு நேராக வரும். குட்டை முடி பிரஷில் கை கொஞ்சம் ஆடினாலும் கோடும் ஆடும். அது அணில் முடி. எங்களுக்கு மனசு உறுத்தியது, உங்களில் சிலருக்கும் உறுத்தும். இப்போ செயற்கை முடியிலும் கிடைக்குது. அங்கிளுடையது பல வருசம் பழசு, அதனால் புதுசாக எதுவும் வாங்கவில்லை.

சாயம், போர்டு எழுதுற எனாமல். ஸ்ப்ரே சாயம் நல்லா இறுகிக் காய்ந்த பிறகு இதைப் போட்டால் ஒரு நன்மை: தப்பாகிவிட்டால் ஈரம் காயுறதுக்குள் டர்பன்டைன் தொட்ட துணியில் துடைச்சிடலாம், அடியில் உள்ள பச்சைக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் தைரியத்தில்தான் இறங்கினோம். முதலில் மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இல்லாமல் துடைக்கணும். மெழுகு இருந்தால் சாயம் ஒட்டாமல் குழி குழியாக விலகும். பிறகு பிரஷில் சாயத்தைத் தொட்டு, வழவழப்பான அட்டையில் முன்னும் பின்னும் இழுத்து, முடி எல்லாம் ஒரே தகடு மாதிரி சேரும் வரைக்கும் பதப்படுத்தணும். போன வருச நாட்காட்டி அட்டையைத்தான் பயன்படுத்தினோம். சாமி படம் இல்லாத பக்கம்தான், பயப்படாதீங்க.

இரண்டு வாரம் பழைய ஐஸ்பெட்டிக் கதவில் பழகினோம். முதல் நாள் போட்டது மண்புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. அங்கிள் எங்கள் கையைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தார். "கை எழுதக் கூடாதுடா. மணிக்கட்டைப் பூட்டிக்க. உடம்போட நகரு. பிரஷ் நுனியைப் பார்க்காதே, கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்." தெரிஞ்சது இவ்வளவுதான், வரத்தான் நாள் பிடிச்சது. சென்னையில் செய்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் டாங்கில் பொன் நிறக் கோடு இருக்கும், பார்த்திருப்பீங்க. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகள் கையால் போட்ட கோடு அது. இந்த இரண்டு வாரத்தில் அவங்க மேல் எங்களுக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை.

காடியில் முதல் முயற்சி ஒரு சனிக்கிழமை ராத்திரி. மழை விட்ட நேரம், போர்ட்டிகோ விளக்கைப் போட்டோம். பத்து நிமிசத்தில் ஈசல். ஈரக் கோட்டில் இறக்கை இறக்கையாக ஒட்டிக்கிச்சு. மொத்தத்தையும் துடைச்சோம். அடுத்தது பகல் பத்து மணிக்கு. வெயிலில் தகடு சூடேறி, சாயம் பிரஷிலேயே இறுகி, இழுக்க இழுக்கப் பிய்ந்து பிய்ந்து வந்தது. அதையும் துடைச்சோம். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு, வெளிச்சம் வந்ததும், காற்றாடி கூடப் போடாமல் ஆரம்பிச்சோம்.

தம்பி இடது பக்கம், அண்ணன் வலது பக்கம். கோட்டுக்கு ஒரு அங்குலம் மேலே டேப் ஒட்டி, சுண்டுவிரலை அதன்மேல் ஓடவிட்டோம். கதவுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் கண்டம். பிரஷ் அங்கே இடறினால் சாயம் உள்ளே வழியும். இடைவெளி வர்றதுக்கு முன்னால் மெதுவாகத் தூக்கி, அந்தப் பக்கம் மறுபடி வைக்கணும். இடது பின்கதவில் ஒரு சொட்டு வழிஞ்சிருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை உற்றுப் பார்த்தால் தெரியும்.

பானெட் பக்கம் கோடு எப்படி முடியணும் என்பதில்தான் சண்டை. அங்கே குட்டியாக ஒரு வேல் இருந்தது என்று அம்மா. "வேலும் இல்லை ஒண்ணும் இல்லை, இந்தப் பிரஷைத் தூக்குறப்போ தானா வர்ற கூர் அது" என்று அங்கிள். பழைய தைப்பூசப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தோம். சரியாக அந்த இடத்தில் அப்பாவின் கால். கடைசியில் அங்கிள் சொன்ன மாதிரியே பிரஷைத் தூக்கினோம். கூராக வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க. "இதைத்தான்டா சொன்னேன்" என்றாங்க. அங்கிள் வாயைத் திறக்கவில்லை, தேத்தண்ணியைக் குடிச்சார்.

எனாமல் இறுகட்டும் என்று வாகன பூசையை இரண்டு வாரம் தள்ளி வச்சோம். குருக்கள் ஐயா சந்தனம் குங்குமம் எடுத்துக்கிட்டு நேராகக் கோட்டுப் பக்கம் கையைக் கொண்டு போனப்போ எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு நின்னது. ஐயா புரிஞ்சிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டே கண்ணாடியில் வச்சார்.

இதையெல்லாம் இப்போ எழுதக் காரணம் இருக்கு. கும்பாபிசேக வேலையில் அடுத்த மாதம் மயில் வாகனத்தைத் தேய்த்துப் புதுச் சாயம் அடிக்கப் போறோம். தோகையில் ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கு. அதைப் போட்டது யார் என்று நிர்வாகத்தில் யாருக்கும் தெரியலை. வரும் ஞாயிறு காலை 9 மணியிலிருந்து 12 மணி வரைக்கும் வாகன அறையைத் திறந்து வைக்கிறோம். பெரியவங்க தயவுசெய்து வந்து பாருங்க. யார் போட்டது என்று தெரிஞ்சவங்க சொல்லுங்க. வீட்டில் பழைய திருவிழாப் படம் இருந்தால் கொண்டு வாங்க, அங்கேயே போனில் பிடிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்திடறோம். அதுவரைக்கும் சாண்ட்பேப்பரை எடுக்கமாட்டோம்.